"காங்கிரஸ் ஏன் தோற்றது?" என்பது ஒரே கேள்வி அல்ல

சென்ற வாரம் முதலாண்டு அரசியல் அறிவியல் வகுப்பில், 1967-ஆம் ஆண்டு சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தல் முடிவைப் பலகையில் எழுதிப்போட்டு, காங்கிரஸ் ஏன் தோற்றது என்று கேட்டேன். இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி, குண்டடிபட்டுக் கிடந்த எம்.ஜி.ஆர். என்று பதில்கள் மளமளவென்று வந்தன. எதுவும் தவறில்லை. ஆனால் எல்லாமே வாக்காளரின் மனத்தைப் பற்றிய பதில்கள். பாடநூலில் நடத்தையியல் அணுகுமுறை என்று வருவது பெரும்பாலும் இதுதான்.

அடுத்து வாக்கு விழுக்காட்டை எழுதினேன். 1962-இல் ஏறத்தாழ 46 விழுக்காடு வாக்குகளுடன் 206-இல் 139 இடங்களை வென்ற காங்கிரஸ், 1967-இல் 41 விழுக்காடு பெற்றும் 234-இல் ஐம்பது இடங்களை ஒட்டியே நின்றுவிட்டது. தி.மு.க. பெற்றதும் அதே அளவுதான், சொல்லப்போனால் மயிரிழை குறைவு. ஐந்து விழுக்காட்டுச் சரிவு எப்படி ஓர் ஆட்சியைக் கவிழ்த்தது என்பதற்கு மக்களின் கோபம் மட்டும் விடையாகாது.

இங்கேதான் நிறுவன அணுகுமுறை, அதாவது தேர்தல் விதிகளையும் அமைப்புகளையும் பார்க்கும் முறை, தேவைப்படுகிறது. தொகுதியில் அதிக வாக்கு பெற்றவர் வெல்வார், மற்ற வாக்குகளுக்கு இடமில்லை என்பது விதி. 1962-இல் சிதறிக்கிடந்த எதிர்ப்பு வாக்குகளை, ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் ஆகியோரை ஓரணியில் சேர்த்து, தி.மு.க.வை 174 தொகுதிகளில் மட்டும் நிறுத்தியதன் மூலம் அண்ணா ஒன்றுதிரட்டினார். அந்த விதியை அவர் சரியாகப் படித்திருந்தார்.

தேர்தல் இரவுகளில் நம் தொலைக்காட்சிகள் எல்லாவற்றையும் 'அலை' என்ற ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. மக்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த வாக்குகள் ஏன் அத்தனை இடங்களாக மாறின என்பது வேறொரு கேள்வி. இந்த முறை நியாயமானதா என்பது மூன்றாவது. அது விழுமியம் சார்ந்தது, எந்த அட்டவணையும் அதற்குத் தனியே விடை தராது.

வகுப்பு முடியும் தறுவாயில் கடைசி வரிசை மாணவி ஒருவர் எழுந்தார். "174 இடங்களில் நின்று வாங்கிய விழுக்காட்டையும், கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் நின்று வாங்கிய விழுக்காட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடலாமா, ஐயா?" என்று கேட்டார். ஒப்பிடக் கூடாதுதான். நான் எழுதிய வரிசையை அழித்துவிட்டு, 'போட்டியிட்ட இடங்கள்' என்று புதிதாக ஒரு நெடுவரிசையை அவரையே வரையச் சொன்னேன்.