மாற்கு 16-ஐ வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள்
அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளின் விசுவாசத்தை ஆட்டுவது பரிணாமப் பாடம்தான் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. பரிணாமத்துக்கு எல்லாரும் பதில் தயாராக வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். ஆளைச் சாய்ப்பது விருப்பப் பாடமாக எடுக்கும் புதிய ஏற்பாட்டு அறிமுக வகுப்பு. மாற்கு 16:9-20 நான்காம் நூற்றாண்டில் கையால் எழுதப்பட்ட பழமையான கிரேக்க வேதாகமப் பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை. யோவான் 8-இல் வரும் விபசார ஸ்திரீயின் சம்பவமும் அவற்றில் இல்லை. 1 யோவான் 5:7-இல் நம் பழைய தமிழ் வேதாகமம் தரும் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" வரி, புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸின் 1516, 1519 பதிப்புகளில் கிடையாது, 1522-இல்தான் நுழைந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த பையனுக்கு இதெல்லாம் ஒரே வாரத்தில் தெரியவந்தால், வசனத்தை மட்டுமா சந்தேகிப்பான், சொல்லிக்கொடுத்தவர்களையும் சேர்த்துத்தான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "அந்த வகுப்பையே எடுக்காதே" என்கிறார். கைப்பேசியில் பத்து நிமிடத்தில் கிடைப்பதை எப்படித் தடுப்பது? பள்ளி முடியுமுன்பே, இந்த வேறுபாடுகளை அடிக்குறிப்பில் சொல்லும் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பழையதோடு பக்கத்தில் வைத்து இந்த மூன்று பகுதிகளையும் வாசிக்கவிடுங்கள். சுவடி வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொல் இடமாற்றம். பன்னிரண்டு வசன நீளத்துக்குப் போவது முதல் இரண்டு மட்டுமே. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்துக்காக வாதாடிய நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கத் திருச்சபைப் பிதாக்கள் 1 யோவான் 5:7-ஐ எடுக்காமலேயே வாதாடினார்கள், அதையும் சொல்லிவையுங்கள். மூலத்தில் என்ன இருந்தது என்பது ஒரு கேள்வி, அது நடந்ததா என்பது வேறு கேள்வி. முதலாவதன் பதிலை வைத்தே இரண்டாவதையும் முடித்துவிடும் பேராசிரியர்கள் உண்டு, போதகர்களும் உண்டு.