லென்ஸில் கோடு விழாது என்று சொல்லித்தானே விற்றீர்கள்?

நேற்று ராத்திரி வெள்ளிச்சந்தை தாண்டி வரும்போது எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் என் மூக்குக்கண்ணாடியில் பட்டுச் சிதறியது. ஒரு விளக்கு நாலு விளக்காகி, சுற்றிலும் முள்முள்ளாக வெளிச்சம். சாலையோரம் நடந்து போன ஒரு பெரியவரைக் கிட்டத்தில் போன பிறகுதான் பார்த்தேன். பிரேக்கை அழுத்தி நின்றுவிட்டேன். அவர் "பாத்துப் போ மக்களே" என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்குக் கை நடுங்கியது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை.

எனக்கு வலது கண் மைனஸ் நாலரை, இடது மைனஸ் நாலு. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்கும் ஆளின் முகம்கூடத் தெளியாது. மண்டைக்காட்டிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறவள். ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு கடையில் லென்ஸுக்கு மட்டும் 3,200 ரூபாய் கொடுத்தேன். கடைப் பையன் லென்ஸை மேசையில் தட்டிக் காட்டி, "இதுல கோடே விழாதுக்கா, நீங்க பயப்படாண்டாம்" என்றான். நம்பித்தான் வாங்கினேன். நாலாம் மாதம் முதல் கோடு. இப்போது வலது லென்ஸில், சரியாகப் பார்வை போகிற இடத்தில், நூல் நூலாகக் கோடுகள்.

அதே கடைக்குப் போனேன். அதே பையன். லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு என்ன கேட்டான் தெரியுமா? "நீங்க எத வச்சு தொடச்சிய?" சேலை முந்தானை என்றேன். "அப்ப கோடு விழத்தான் செய்யும்க்கா. வாரண்டியில இது வராது. புது லென்ஸ் போட்டிருங்க." கூடவே பிரேமும் பழசாகிவிட்டதாம்! விற்கும்போது கோடு விழாத லென்ஸ், திருப்பிக் கொண்டுபோனால் விழத்தான் செய்யும். இந்த இரண்டு வார்த்தையையும் ஒரே வாய் எப்படிச் சொல்கிறது?

வீட்டுக்கு வந்து அவர்கள் கொடுத்த அட்டையை எடுத்துப் படித்தேன். அதில் 'ஸ்கிராட்ச் ரெசிஸ்டண்ட்' என்றுதான் இருக்கிறது. ஓரளவுக்குத் தாங்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான். கோடே விழாத பிளாஸ்டிக் லென்ஸ் இன்றைக்கு உலகத்தில் எங்கேயும் கிடையாது. என் அப்பா போட்டிருந்தது நிஜக் கண்ணாடி லென்ஸ். கனம் மூக்கை அழுத்தும், கீழே விழுந்தால் போச்சு. ஆனால் லேசில் கோடு விழாது. இப்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். சாதாரண லென்ஸுக்கு சிஆர்-39 என்று பெயர், 1940களில் வந்த பொருள். இன்னொன்று பாலிகார்பனேட், அடி விழுந்தாலும் லேசில் உடையாது, ஆனால் சிஆர்-39ஐ விட மென்மையானது, சீக்கிரம் கீறல் வாங்கும். அதனால் அதன் மேல் ஹார்டு கோட் பூசாமல் விற்கவே முடியாது. அந்தப் பூச்சின் கனம் சில மைக்ரான். அதற்கும் மேலே கண் கூச்சத்தைக் குறைக்கிற ஏஆர் கோட்டிங், அது ஒரு மைக்ரான்கூட வராது. நம் தலைமுடியே ஏறத்தாழ 70 மைக்ரான். அப்படியானால் நம் கண்ணுக்கு முன்னால் இருக்கிற காவல் எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள்.

இப்போது எங்கள் ஊர் மண்ணுக்கு வருகிறேன். பக்கத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கனிமங்களான இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் கிடக்கிறது என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மணல் ஆலை இருப்பதே அதற்காகத்தான். அந்தச் சிவப்பு கார்னெட் இருக்கிறதே, அதைத்தான் ஆசாரிமார் மரம் தேய்க்கிற உப்புத்தாளில் ஒட்டுகிறார்கள். சாதாரண வெள்ளை மணலான குவார்ட்ஸே, கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் 7. சிர்கான் அதற்கும் மேலே, ஏழரை. ஆனி ஆடிக் காற்றில் இந்தப் பொடி பறந்து வந்து லென்ஸில் உட்காருகிறது. கடல் காற்றின் உப்பு ஈரம் அதை அங்கேயே ஒட்டவைக்கிறது. ஹெல்மெட்டின் உள்பஞ்சிலும் அதே மணல்தான், கழற்றும்போதெல்லாம் கண்ணாடியை உரசிக்கொண்டு போகிறது. உலர்ந்த லென்ஸை முந்தானையாலோ, தோர்த்துத் துண்டாலோ, கடைக்காரரே டப்பாவில் வைத்துக் கொடுத்த அந்தச் சின்னத் துணியாலோ துடைத்தால் என்ன ஆகும்? துணி கீறுவதில்லை. துணிக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டிய மணல்தான் கீறுகிறது.

இது கடையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதா? அவர்களும் இந்தக் காற்றில்தானே வாழ்கிறார்கள்? "முதல்ல குழாய்த் தண்ணியில காட்டி மண்ணைப் போக்குங்க, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, விரலால தடவி அலசுங்க, அப்புறம் சுத்தமான துணியால ஒத்தி எடுங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். நீல ஒளியைத் தடுக்கிற ப்ளூ கட் வேண்டுமா, வெயிலில் கறுக்கிற லென்ஸ் வேண்டுமா என்று கால் மணி நேரம் பேசினவர்கள் அந்த அரை நிமிடத்தைத் தரவில்லை. கடைசியில் தப்பு என் முந்தானை மேல்.

பிறகு ஆளாளுக்கு வைத்தியம். எங்கள் மைனி, "கொஞ்சம் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா போயிரும்" என்றார். பேக்கிங் சோடா என்றார் இன்னொருவர். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், யாருக்கும் சொல்லவும் செய்யாதீர்கள். பற்பசையில் இருப்பது கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற தேய்ப்புப் பொடிகள். பல்லின் அழுக்கைச் சுரண்டுகிற அது, லென்ஸின் பூச்சையும் சேர்த்துச் சுரண்டும். ஒரு கோடு இருந்த இடம் மொத்தமும் மங்கிப்போகும். கையால் தேய்த்துச் சமப்படுத்தவும் முடியாது, ஏனென்றால் பவர் என்பதே அந்த வளைவில்தான் இருக்கிறது. ஆன்லைனில் விற்கிற கோடு மறைக்கும் திரவங்கள் கோட்டை மெழுகிக் காட்டும், நாலு நாளில் பழையபடி ஆகும். பூச்சு கீறினால் லென்ஸை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதைச் சொல்லவும் மனசு எரிகிறது.

இன்னொன்று, வெயில். சீட்டுக்கு அடியில் கண்ணாடியை வைத்துவிட்டு நண்பகலில் வண்டியை நிறுத்தாதீர்கள். பிளாஸ்டிக் சூட்டில் விரிகிற அளவுக்குப் பூச்சு விரியாது, சிலந்தி வலை மாதிரி வெடித்துவிடும். அதையும் கோடு என்றே நினைத்துக்கொள்கிறோம்.

எனக்காவது சம்பளம் வருகிறது. என் மகள் ஏழாம் வகுப்பு. விளையாடுகிற பிள்ளை என்பதால் பாலிகார்பனேட் போட்டோம். அது சரிதான், கண் பத்திரமாக இருக்கும். இரண்டே மாதத்தில் கோடு விழுந்து, கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று அவள் சொல்லவே இல்லை. முன் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறாள். பணம் செலவாகும் என்று பயம். பிள்ளையின் கண்ணாடியை வாரம் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்கும் லென்ஸ் மாற்றப் போகிறேன். பிரேம் நன்றாக இருக்கிறது, அதை மாற்ற மாட்டேன். லென்ஸின் பெயர், என்ன கோட்டிங், அதற்கு எத்தனை மாதம் வாரண்டி, கோடு விழுந்தால் மாற்றித் தருவார்களா மாட்டார்களா, எல்லாம் பில்லில் எழுதி, முத்திரை வைத்துத் தரச் சொல்வேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய்யான விளம்பரத்துக்கு எதிராகப் புகார் கொடுக்க இடம் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. எழுதித் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போவேன். அங்கேயும் இல்லையென்றால் அதற்கடுத்த கடை. வடசேரியில் தொடங்கிக் கோட்டாறு வரை நடக்கவும் தயார்.