‘பி27 இருந்தால் முதுகு வளையும்’: பிழையான தகவல்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: எச்.எல்.ஏ.-பி27 (சுருக்கமாக பி27) என்ற மரபணுவுக்கான இரத்தச் சோதனை ‘பொசிட்டிவ்’ என்றால் முள்ளந்தண்டு கட்டாயம் இறுகுமாம், பிள்ளைகள் எல்லாருக்கும் சோதிக்க வேணுமாம்.

பிழை. இந்த மரபணுவுக்கும் முள்ளந்தண்டை இறுக வைக்கக்கூடிய முள்ளந்தண்டு அழற்சி நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இலேயே தெரியவந்தது. ஆனால் அது உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வருவதேயில்லை. இந்த நோய்க்கென 2009இல் வந்த அனைத்துலக வகைப்படுத்தலும் இரத்தச் சோதனையோடு நிற்பதில்லை. 45 வயதுக்கு முன் தொடங்கி 3 மாதமாவது நீடித்த முதுகுவலி வேணும், வேறு அறிகுறிகளும் வேணும்.

வயலில் குனிந்து நாற்று நட்ட நோ, படுத்தெழும்பினால் குறையும். இந்த நோயின் முதுகுவலி மறுவளம்: விடியப்புறம் விறைக்கும், நடமாடத் தளரும். அப்படியென்றால் அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டுங்கோ, காசில்லை. சந்தேகத்தையும் அங்கேயே கேட்கலாம். நோவில்லாத பிள்ளைக்குத் தனியார் லாப்பில் காசு கொட்டாதீங்கோ. அந்தப் பதிவை இனி ஒருவருக்கும் அனுப்பாதீங்கோ.