பாட்டில் தண்ணீர் ஏரியின் கணக்கைச் சொல்லாது

ஏரியின் நடுவில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, பாசியை வளர்க்கும் சத்தான மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று கண்டு, "ஏரி கெட்டுவிட்டது" என அறிக்கை எழுதிவிடலாம். அந்த 50 எந்த வழியாக வந்தது என்று சொல்லாத மதிப்பீட்டை வைத்து எந்தக் குழாயை அடைப்பது?

வரவிலிருந்து ஏரியின் பாஸ்பரஸ் அளவைக் கணிக்க, ஏரியியல் அறிஞர் வோலன்வைடர் 1970களில் தந்த வாய்பாடு இன்றும் நல்ல தொடக்கம். ஒரு சதுர மீட்டர் ஏரிப்பரப்புக்கு ஆண்டில் வரும் பாஸ்பரஸ் எத்தனை மில்லிகிராம் என்று எடுங்கள். சராசரி ஆழத்தை (மீட்டரில்), நீர் தங்கும் காலத்தால், அதாவது ஏரி நீர் முழுதும் மாற ஆகும் ஆண்டுகளால், வகுங்கள். தங்கும் காலத்தின் வர்க்கமூலத்தோடு 1 கூட்டி, வரும் எண்ணால் அதைப் பெருக்குங்கள். வரவை இந்த எண்ணால் வகுத்தால் லிட்டருக்கு மைக்ரோகிராம் கிடைக்கும். வரவு 500, ஆழம் 5 மீட்டர், தங்கல் 1 ஆண்டு: விடை 50. தங்கல் 3 மாதமானால் (0.25 ஆண்டு) விடை சுமார் 17 தான். மாதத்தை ஆண்டாக மாற்ற மறந்து 3 என்றே போட்டால் 110 வந்து நிற்கும். பலரும் வழுக்குவது இங்கேதான்.

வாய்பாட்டைவிட மோசமாகப் பிழைப்பது வரவுக் கணக்கு. வறண்ட நாளில் ஓடையில் நொடிக்கு 1 கனமீட்டர், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்றால் நாளொன்றுக்கு 4.3 கிலோ. வெள்ள நாளில் 20 கனமீட்டர், 0.5 மில்லிகிராம் என்றால் 864 கிலோ. ஒரு வெள்ள நாள், இருநூறு வறண்ட நாளுக்குச் சமம்! மாதம் ஒருமுறை, அதுவும் வெயில் நாளாகப் பார்த்து மாதிரி எடுப்பவர் கையில் இந்த 864 சிக்கவே சிக்காது. சராசரிச் செறிவைச் சராசரி ஓட்டத்தால் பெருக்கினாலும் இது தப்பிவிடும். மழைக்கு ஒதுக்காத மாதிரிப் பணத்தை நான் வீண் செலவு என்பேன்.

ஏரி எவ்வளவு சத்தேறிப் பாசி பிடித்திருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்ல, கார்ல்சன் 1977இல் தந்த குறியீட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் பாஸ்பரஸ், பச்சையம் (பாசியின் அளவு), செக்கித் தட்டு (நீரில் இறக்கித் தெளிவை அளக்கும் வட்டு) மூன்றிலிருந்தும் கிடைக்கும் குறியீட்டு மதிப்பை கூட்டிச் சராசரி போடாதீர்கள். பாஸ்பரஸும் தட்டும் 60 காட்டி, பச்சையம் 45இல் நின்றால், கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பாசியல்ல, மண் அல்லது நீரின் நிறம். சராசரி எடுத்தால் இந்தத் துப்பு அழிந்துவிடும்.

கடைசியாக, வெளியேறும் நீரையும் அளந்தாக வேண்டும். தங்கல் 1 ஆண்டான ஏரியில், வந்ததில் பாதி அடியில் படியும் என்கிறது வாய்பாடு. பாதிக்கு மேல் வெளியேறினால் வண்டலே திருப்பித் தருகிறதா என்று பாருங்கள்: அடிநீரில் ஆக்சிஜன் தீரும்போது இரும்பு பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸ் கரைந்து மேலே வரும். மினசோட்டாவின் ஷகாவா ஏரியில் 1973இல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு தொடங்கி வரவு வெகுவாகக் குறைந்தும், கோடைதோறும் வண்டல் கக்கியதால் ஏரி எதிர்பார்த்த வேகத்தில் தெளியவில்லை.