மாத்திரை எடுத்துக் கொடுத்தவங்க, அவ்வளவுதானா?

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் பெரியாரைப் பற்றிய கூட்டத்தில் மணியம்மையாரைச் சொல்லிச் சிரித்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேருக்கு அந்த வீடியோ வந்து சேர்ந்திருக்கும். மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அதே வீடியோவை எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு தம்பி போட்டு, கீழே நான்கு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பேசியவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. ஒன்றரை மணி நேரம் பேசினார், நன்றாகவே பேசினார். ஈரோட்டு மண்டி வியாபாரம், காங்கிரஸ், வைக்கம், குடியரசுப் பத்திரிகை என்று வரிசையாக வந்தார். கள்ளுக்கடை மறியலைச் சொல்லும்போது, மறியலை நிறுத்துவது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கிற இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதைச் சொன்னார். பெரியாரின் முதல் மனைவி நாகம்மையார், சகோதரி கண்ணம்மாள் பெயர் வந்ததும் கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன். அப்புறம் 1949 வந்தது, பெரியார் மணியம்மையாரைக் கல்யாணம் செய்துகொண்ட வருடம். "அந்தம்மா ஆருங்க? அய்யாவுக்கு நேரா நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தவங்க. அவ்வளவுதானுங்க." கூட்டம் சிரித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு அக்காமாரும் சேர்ந்து சிரித்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இரண்டு பெண்களுக்காகக் கைதட்டிய அதே கூட்டம்.

அவ்வளவுதான் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மணியம்மையார் பெரியாரோடு வந்து சேர்ந்தது 1943-ல். பெரியார் இறந்தது 1973 டிசம்பர் 24. முப்பது வருடம். வேலூரில் இருந்து அப்பாவை இழந்துவிட்டு வந்த ஒரு இளம்பெண், காந்திமதி என்று வீட்டில் பெயர் வைக்கப்பட்டு இயக்கத்துக்குள் அரசியல்மணியாகி, கே.ஏ. மணியாகி, கடைசியில் எல்லோருக்கும் அம்மாவான ஒருவர், தன் வாழ்க்கையின் முப்பது வருடத்தை ஒரு மனிதரின் பயணத்தோடு கட்டிப்போட்டார். அந்த மனிதர் ஓர் இடத்தில் உட்கார்ந்தவரா? இன்றைக்குத் திருச்சி, நாளைக்குச் சேலம், மறுநாள் எங்கோ ஒரு கிராமம். கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, விடுதலைப் பத்திரிகை வேலை, வருகிறவர்களுக்குச் சாப்பாடு, கூட்டத்தில் மேடைக்குப் பக்கத்தில் துணியை விரித்துப் புத்தகம் விற்பது, எல்லாம் அந்த அம்மாதான். இந்த வேலைக்கு ஆணாக இருந்தால் என்ன பெயர் சொல்வீர்கள்?

காந்திக்கு மகாதேவ் தேசாய் இருந்தார். 1917-ல் சேர்ந்து 1942 ஆகஸ்ட் 15-ல் ஆகாகான் மாளிகைச் சிறையிலேயே உயிரை விட்டவர். இருபத்தைந்து வருடம் காந்தியின் கடிதம், பேச்சு, நாட்குறிப்பு எல்லாம் அவர் கையில். அவரை எல்லோரும் செயலாளர் என்கிறோம். அறிஞர் என்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். அதே வேலையை அதைவிட ஐந்து வருடம் கூடுதலாக ஒரு பெண் செய்தால் அதற்குப் பெயர் பணிவிடை. மாத்திரை எடுத்துக் கொடுத்தவங்க.

இப்போது சிலர் கருத்துப் பெட்டியில் வந்து வயது வித்தியாசத்தைப் பேசுவார்கள் என்று தெரியும். வரட்டும். 1949 ஜூலை 9 அன்று பதிவுத் திருமணம் நடந்தபோது பெரியாருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது, அம்மாவுக்கு முப்பதை ஒட்டிய வயது. பொருந்தாத கல்யாணத்தைக் கண்டித்த தலைவர் தானே இப்படிச் செய்யலாமா என்று அண்ணா தரப்பில் கேட்டார்கள், திராவிடர் கழகம் உடைந்தது, செப்டம்பர் 17-ல் திமுக பிறந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்கிறவர்கள் ஒரு விஷயத்தை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அன்றைய இந்துச் சட்டத்தில் ஒரு பெண்ணைத் தத்து எடுத்து வாரிசாக்க வழியே கிடையாது. பெண் பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்ற சட்டம் 1956-ல்தான் வந்தது. தனக்குப் பிறகு இயக்கத்தையும் சொத்தையும் காப்பாற்ற நம்பிக்கையான ஆள் இவர்தான் என்று பெரியார் முடிவு செய்தபோது, ஒரு பெண்ணைச் சட்டப்படி வாரிசாக்க அவர் கண்ட வழி அது. உயில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதியிருக்கலாம். அதையும் ஏன் அந்த அம்மாவிடம் கேட்கிறீர்கள்? முடிவெடுத்தவர் பெரியார், உடைத்துக்கொண்டு போனவர்கள் மற்றவர்கள், எழுபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஏச்சு வாங்குவது மட்டும் அந்தப் பெண்ணா?

அந்த ஏச்சுக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டு திரியவில்லை. வேலையைப் பார்த்தார்.

1957 நவம்பர் 26-ல் அரசியல் சட்டத்தை எரித்த போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். பெரியாரும் தண்டிக்கப்பட்டார். அடுத்த வருடம் திருச்சிச் சிறையில் இருந்த பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் இறந்தார்கள். உடலைக் கொடுக்காமல் சிறைக்குள்ளேயே புதைத்தார்கள். பெரியார் வெளியில் இல்லை. அந்த நேரத்தில் அரசாங்கத்திடம் போய் வாதாடி, புதைத்ததைத் தோண்டி எடுக்க வைத்து, திருச்சி வீதியில் ஊர்வலமாகக் கொண்டுபோனது யார்? மாத்திரை எடுத்துக் கொடுத்தவர்தான். இதை அந்த மேடையில் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பெரியார் போன பிறகு இயக்கத்தை 1974 முதல் 1978 மார்ச் 16-ல் சாகும்வரை நடத்தினார். பெரியார் இறந்து ஒரு வருடம் ஒரு நாள், 1974 டிசம்பர் 25, சென்னைப் பெரியார் திடலில் இராவண லீலா. ராமலீலாவில் இராவணன் உருவத்தை எரிப்பதற்குப் பதிலடியாக ராமன் உருவத்தை எரித்த நிகழ்ச்சி. டெல்லியில் ராமலீலாவில் பிரதமர் கலந்துகொள்ளக் கூடாது என்று இந்திரா காந்திக்கு எழுதி, கேட்காததால் செய்தது. வழக்குப் போட்டார்கள். அதற்கும் அஞ்சவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் வீரமணி முதலான கழகத்தவர்கள் மிசா சட்டத்தில் சிறைக்குள்ளே இருக்க, தணிக்கைக்கு நடுவே வெளியில் இருந்து கழகத்தைக் காப்பாற்றியதும் இவர்தான். உடம்பு அப்போதே கெட்டிருந்தது.

உடனே நீ கழகக்காரியா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் வீட்டில் சாமி அறை இருக்கிறது, வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குச் சென்னிமலை ஏறுகிறவள் நான். இராவண லீலா எனக்கு உடன்பாடான காரியம் இல்லை, அதைக் கேள்விப்பட்டால் இன்றைக்கும் மனசு ஒரு மாதிரி ஆகும். ஆனாலும் ஒரு பெண் தன் கொள்கைக்காக ஒரு பிரதமருக்கு எதிராக நின்றதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாகம்மையாரைக் குறைக்கிறாயா என்று ஒருவர் அன்றைக்கு மண்டபத்து வாசலிலேயே கேட்டார். எதற்குங்க குறைக்க வேண்டும்? திருச்சியில் ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு வைத்த இல்லத்துக்கு நாகம்மையார் பெயர்தான். அந்தப் பிள்ளைகளைத் தாயாக இருந்து வளர்த்தது மணியம்மையார். பிள்ளைகளுக்கு முன்னெழுத்து ஈ.வெ.ரா.ம. அந்தக் கடைசி 'ம' அவர்தான். அவருக்கு நாகம்மையாரோடு எந்தப் போட்டியும் இருந்ததில்லை, போட்டி நம் மண்டைக்குள்தான் இருக்கிறது. நாகம்மையார் நம் ஊர், நம் வீட்டு மருமகள். இவர் வேலூர்க்காரர், பிற்பாடு வந்தவர். ஈரோட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் நெஞ்சைத் தொட்டு யோசிக்க வேண்டும்.

இவ்வளவு கோபம் எனக்கு எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர். இருபத்து நான்கு வயதில் தாலி அறுத்தவர். எங்கள் மாவட்டத்துக்குப் பெரியார் மாவட்டம் என்று பெயர் இருந்த காலத்தில், ஒரு நெசவாளர் சங்கத் தலைவரிடம் கணக்கெழுதப் போனார். அந்தத் தலைவர் பெயர் வேண்டாம், நல்ல மனிதர், மனைவி இல்லாதவர், தறிக்காரர்களுக்காக உயிரைக் கொடுத்தவர். அவருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத வராது. கூலி உயர்வு மனு, நூல் விலை பற்றிய கடிதம், கலெக்டருக்கு, மந்திரிக்கு, எல்லாம் அத்தை கார்பன் தாள் வைத்து எழுதியது. பேச்சுக்குக் குறிப்பும் அத்தைதான். அவருக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்தபோது தினம் காலையில் கட்டுப் பிரித்துக் கட்டியதும் அத்தை. இருபத்திரண்டு வருடம். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் கல்யாணங்களில் அத்தையை முன்னால் நிற்க விடமாட்டார்கள், விதவை என்பது ஒரு காரணம், இது இன்னொன்று. என் அப்பாவும் ஒரு வார்த்தை அத்தைக்காகப் பேசவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தலைவர் இறந்ததும் சங்கத்தில் நினைவு மலர் போட்டார்கள். பக்கம் பக்கமாகப் படம். மாலை போட்டவர், பொன்னாடை போட்டவர், கார் ஓட்டியவர் உட்பட எல்லோரும் இருந்தார்கள். ஒரு படத்தில் தலைவர் மனுவை நீட்டிக்கொண்டிருக்கிறார், அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சேலை முந்தானை மட்டும் தெரியும். மீதியை வெட்டிவிட்டார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், சங்க ஆபீசுக்குப் போய்ச் சண்டை போடுகிறேன் என்று கிளம்பினேன். அத்தை தடுத்தார். "உடு அம்மிணி. அந்த மனுவுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அது போதும்." எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டம் சிரித்தபோது எனக்குத் தெரிந்தது அந்த முந்தானைதான்.

அத்தை நினைவு வந்த பிறகு, இதுவரை நான் எழுதியதிலேயே ஒரு தப்பு இருப்பதாகத் தோன்றுகிறது. ஊர்வலம் நடத்தினார், வழக்குக்கு அஞ்சவில்லை, இயக்கத்தைத் தலைமை தாங்கினார் என்று பட்டியல் போட்டு, ஆகவே அவர் மாத்திரை கொடுத்தவர் மட்டும் இல்லை என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன். சரி, அதெல்லாம் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால்? அப்போது சிரிக்கலாமா?

கடைசி வருடங்களில் பெரியாருக்குச் சிறுநீர் தானாகப் போகாது. குழாய் வைத்து, அது இறங்குகிற பாத்திரத்தையும் கூடவே வைத்துக்கொண்டு வேனில் ஊர் ஊராகப் போனார். உடம்பு பொறுக்காத சாப்பாட்டை ஆசையாகச் சாப்பிடுகிற மனிதர், அதைத் தடுத்து, வேண்டியதைக் கொடுத்து, வலியில் அலறும்போது பக்கத்தில் இருந்து, அந்தக் குழாயையும் பாத்திரத்தையும் கழுவி, மறுநாள் மேடையில் ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் பேசிய கடைசிப் பேச்சில் இடையிடையே வலியில் அம்மா அம்மா என்று முனகுகிறார், உங்களைச் சூத்திரர்களாக விட்டுவிட்டுப் போகிறேனே என்று கலங்குகிறார். அதை நம் மேடைகளில் இன்றைக்கும் கண்ணீரோடு சொல்கிறார்கள். தொண்ணூற்று நான்கு வயதில் அந்த உடம்பை அந்த மேடைவரைக்கும் கொண்டுவந்தது யார் கை? தன் உடம்பு இவ்வளவு நாள் தாங்கியதற்குக் காரணம் மணியம்மைதான் என்று பெரியாரே எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தில் சிரித்தவர்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் மாமியாரை நான்கு வருடம் பார்த்தேன். நான்கே வருடம். அதிலேயே எனக்கு இடுப்பு போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து துணி மாற்றிவிட்டு, காலையில் ஆபீசுக்குப் போய் ஜிஎஸ்டி கணக்குப் பார்த்த நாட்கள் எனக்குத்தான் தெரியும். அந்த வேலையைச் செய்தவர்களைப் பார்த்து அவ்வளவுதான் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வாரம் அந்த வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பேசியவர் வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது என்று அமைப்பாளர்கள் போனில் சொன்னார்கள். நம்புகிறேன். அப்படியென்றால் அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் ஐந்து நிமிடம் அந்த அம்மாவைப் பற்றிப் பேசட்டும். தஞ்சாவூர்ப் பக்கம் வல்லத்தில் 1988-ல் பெண்களுக்கென்று ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கினார்களே, பெரியார் பெயரோடு சேர்ந்து நிற்கிற பெயர் யாருடையது என்று அங்கே படித்த நம் ஊர்ப் பெண்களையே மேடையேற்றிக் கேட்கட்டும். நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.

இன்னொன்று. அத்தை போன வருடம் இறந்துபோனார். அவர் பெட்டியில் பதினொரு நோட்டு இருந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. சங்கக் கூட்டக் குறிப்பு, கூலிக் கணக்கு, மனுக்களின் கார்பன் நகல், நடுநடுவே தலைவருக்கு என்றைக்கு எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பது வரைக்கும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து நெசவாளர் சங்கங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், தருகிறேன். காசு எதுவும் வேண்டாம். அட்டைக்கு அடுத்த பக்கத்தில் அத்தையின் பெயரை முழுசாகப் போட வேண்டும், கணக்கெழுத வந்தவர் என்று போடக் கூடாது. அதற்கு ஒத்துக்கொள்கிறவர்கள் மட்டும் வாருங்கள்.