ஹார்ப்சிகார்டைப் பெரிதாக்காதீர்கள்

பரோக் இசையின், அதாவது ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசையின், பதிவுகளைப் பற்றி எழுதுவோர் வாசித்தவர் யார், எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். பியானோவுக்கு முந்தைய விசைக்கருவியான ஹார்ப்சிகார்ட் இடம்பெறும் பதிவில் ஒலிவாங்கியை எவ்வளவு தொலைவில் வைத்தார்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பேன்.

இந்தக் கருவியில் விசையை அழுத்தினால் ஒரு மெல்லிய மரச்சட்டம் மேலெழும். அதில் செருகிய இறகுத்தண்டு கம்பியைச் சுண்டிவிட்டுக் கீழிறங்கும். விரல் மெதுவாக விழுந்தாலும் ஓங்கி விழுந்தாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வாசிப்பவர் காலத்தை வைத்தே உணர்ச்சியைக் காட்டியாக வேண்டும்: ஒரு சுரத்தை இம்மியளவு தாமதப்படுத்துவார், முந்தைய சுரம் அடங்குமுன் அடுத்ததைத் தொடுவார். டச்சுக் கலைஞர் குஸ்தாவ் லியோன்ஹார்ட் இதில் கரைகண்டவர். ஒலிவாங்கியைக் கம்பிக்கு அருகே கொண்டுபோனால் இந்த நுணுக்கங்களை மீறிக்கொண்டு சட்டங்களின் சடசடப்புதான் முதலில் காதில் விழுகிறது.

சேர்ந்திசையில் சேதம் இன்னும் அதிகம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1721-இல் பிராண்டன்பர்க் சிற்றரசருக்குக் காணிக்கையாக்கிய ஆறு கான்செர்ட்டோக்களில் (தனிக்கருவிகள் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) ஐந்தாவதை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழலும் வயலினும் முன்னின்று உரையாட, ஹார்ப்சிகார்ட் தொடக்கத்தில் அன்றைய வழக்கப்படி பின்னணித் துணையாகவே ஒலிக்கிறது. பிறகு இடையிடையே ஓட்டமான சுரவரிசைகளால் தலைகாட்டி, முதல் பகுதி முடியும் தறுவாயில் மற்றவர்களையெல்லாம் மௌனமாக்கிவிட்டு 65 சுரக்கட்டங்களுக்கு (தாள அளவுகளுக்கு) தனியாகவே வாசிக்கிறது. சன்னக் குரலுடைய ஒரு கருவி சபையையே தன்வசப்படுத்துவதுதான் அந்த இடத்தின் சுவை. சில பதிவுகளிலோ, ஒலிப்பொறியாளரின் தயவால், முதல் நொடியிலிருந்தே அது வயலினைவிடப் பெரிதாக நிற்கிறது. தொடக்கத்திலேயே அரசனாக வீற்றிருப்பவன் அரியணை ஏறினான் என்று சொன்னால் யார் வியப்பார்கள்? லியோன்ஹார்ட் 1970-களில் தம் குழுவினருடன் பதிவுசெய்தது எனக்குப் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம். அங்கே ஹார்ப்சிகார்டைத் தேடித்தான் கேட்க வேண்டும், கேட்டபின் விட மனம் வராது.

ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா 1933-இல் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் என்ற படைப்பைப் பதிவுசெய்தபோதும் பெரிதாகத்தானே ஒலித்தது என்று கேட்கலாம். அவர் வாசித்தது பிளேயல் என்ற பியானோ நிறுவனம் அவருக்காகவே உருவாக்கிய கனத்த கருவி. ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கூடுதல் கம்பி வரிசையும் அதில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கருவிகளோடு அதற்கு அதிக உறவில்லை என்றாலும், அந்தக் கம்பீரம் கருவிக்கே உரியது. அதில் எனக்குக் குறையில்லை.

பதிவு சரியாக அமைந்தாலும் கேட்கும் நாமே அதைக் கெடுத்துவிடுகிறோம். பரோக் இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களையும் (பெரும்பாலும் விசைக்கருவிக்கான சிறு படைப்புகள்) ஸ்காட் ராஸ் என்ற கலைஞர் 1980-களில் ஹார்ப்சிகார்டில் பதிவுசெய்து முடித்தார்; அவற்றைப் பியானோ இசைக்கு வைக்கும் ஒலியளவிலேயே கேட்டுவிட்டு, நாலாவது சொனாட்டாவிலேயே காது வலிக்கிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. பக்கத்து அறையில் பேசுவது கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்துவிட்டு மறுபடி தொடங்கிப் பாருங்கள்.