சந்தையை ஒன்றாக்கினோம், அளந்து பார்ப்பவர் யார்?

ஒரு சந்தையைச் சட்டத்தால் ஒன்றாக்குவது ஒரு வேலை. அது நடைமுறையில் ஒன்றாகத்தான் இயங்குகிறதா என்று ஆண்டுதோறும் அளந்து, எங்கே அடைபட்டிருக்கிறது என்பதைப் பெயர் சொல்லி வெளியிடுவது வேறொரு வேலை. முதல் வேலையில் பெரும்பகுதியை 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. மூலம் செய்துவிட்டோம். இரண்டாவது வேலைக்கு இந்தியாவில் இன்றுவரை ஆளே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் ஒற்றைச் சந்தையை, அதாவது உறுப்பு நாடுகள் எல்லாம் ஒரே சந்தையாக இயங்கும் ஏற்பாட்டை, எப்படிக் கண்காணிக்கிறது என்பதைச் சில காலமாகப் படித்துவரும், சேலத்தில் வரி ஆலோசகராகத் தொழில் செய்யும் ஒருவனின் கருத்தாக இதைக் கொள்ளவும்.

சேலத்தில் ஆகும் ஜவ்வரிசியில் நம் ஊர்ப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் போவது கொஞ்சம்தான். பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மேற்கு வங்கம் என்று வடக்கே போகிறது. விரத நாட்களில் அங்கே கிச்சடிக்கு வாங்கினால்தான் இங்கே ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக்கு விலை. 1981இல் தொடங்கப்பட்ட, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் விலைபோகும் மூட்டை, லாரி ஏறினால் இரண்டு மூன்று மாநில எல்லைகளைத் தாண்டியாக வேண்டும். ஜி.எஸ்.டி.க்கு முன்பு, வாங்கியவர் 'சி' படிவம் அனுப்பினால்தான் விற்றவருக்கு 2 விழுக்காடு மத்திய விற்பனை வரி என்ற சலுகை நிற்கும். படிவம் வராவிட்டால் வித்தியாச வரி விற்றவர் தலையில் விழும். வெளிமாநிலத்து வியாபாரியிடம் அந்த ஒரு தாளை வாங்குவதற்காகச் செவ்வாய்ப்பேட்டை வணிகர்கள் எத்தனை முறை தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறார்கள் என்பதை இன்றைய இளம் கணக்காளர்கள் அறியமாட்டார்கள். இன்று 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற இணையவழிச் சரக்குச் சீட்டை எடுத்தால் வண்டி கிளம்பிவிடுகிறது; வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் போய்விட்டன. இது உண்மையான முன்னேற்றம். ஜி.எஸ்.டி.யின் மற்றக் குறைகளைச் சொல்லி இதைக் குறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வரி போன இடத்தில் விதி நிற்கிறது. பெங்களூரில் வேலைக்குப் போன சேலத்துப் பையன், தன் டி.என். 30 வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்கே தடையில்லாச் சான்று, அங்கே மீண்டும் சாலை வரி, பிறகு இங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைச்சல். 2024 ஜூனில், பிற மாநிலங்களில் பதிவு செய்யப்பட்ட ஆம்னி பேருந்துகளைத் தமிழ்நாட்டுக்குள் பயணிகளை ஏற்றி இறக்கி ஓட்டக் கூடாது என்று நம் போக்குவரத்துத் துறை தடுத்தது நினைவிருக்கும். வரி குறைந்த மாநிலத்தில் பதிவு செய்துகொண்டு, அகில இந்தியச் சுற்றுலா உரிமத்தின் பெயரில் அன்றாட வழித்தடப் பேருந்தாக ஓட்டியது உரிமையாளர்களின் தவறு. முன்பதிவு செய்திருந்த பயணி நடுவில் தவித்தது யாருடைய தவறு என்று எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை. ஜி.எஸ்.டி. வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில்தான் தொடங்கப்பட்டது. எட்டாண்டுக் காலம் அந்த நாற்காலியே காலியாக இருந்தது.

இனி ஐரோப்பாவுக்கு வருகிறேன். அவர்களுடைய ஒற்றைச் சந்தை 1993 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அறிவித்ததோடு அவர்கள் ஓயவில்லை. 1997 முதல் ஒரு மதிப்பெண் பட்டியலை வெளியிட்டுவருகிறார்கள். ஒன்றியம் இயற்றும் நெறிமுறைகளை ஒவ்வொரு நாடும் குறித்த கெடுவுக்குள் தன் நாட்டுச் சட்டமாக மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டது எத்தனை விழுக்காடு என்பதே அதன் முதல் கேள்வி. தொடக்கத்தில் 6 விழுக்காட்டுக்கு மேல் இருந்த அந்தப் பாக்கி, ஆண்டுதோறும் நாடுகளின் பெயருடன் அச்சாகத் தொடங்கிய பிறகு, பத்தாண்டுகளில் 1 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. இப்போது அந்தப் பட்டியலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமும் உண்டு. அமைச்சர்கள் அபராதத்துக்கு அஞ்சுவதைக் காட்டிலும் அண்டை நாட்டுக்குக் கீழே தம் நாட்டின் பெயர் வருவதற்கு அதிகம் கூசுகிறார்கள் என்றே நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. 2002இல் தொடங்கிய 'சால்விட்' என்ற ஏற்பாடு அது. வேறொரு உறுப்பு நாட்டின் அரசு அலுவலகம் ஒன்றியச் சட்டத்தை மீறித் தன்னை அலைக்கழித்தால், பாதிக்கப்பட்டவர் தன் சொந்த நாட்டில் இருக்கும் சால்விட் மையத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அந்த மையம் மற்ற நாட்டின் மையத்தோடு பேசி, பத்து வாரத்துக்குள் முடித்துவைக்க வேண்டும் என்பது இலக்கு. வழக்கறிஞர் வேண்டாம், அயல்மொழியில் மனு எழுத வேண்டாம். இரு தனியார் நிறுவனங்களுக்கு இடையிலான பூசலை அது எடுப்பதில்லை. அரசு அலுவலகம் செய்த தவறை மட்டுமே எடுக்கும். கர்நாடகத்தில் சாலை வரியைக் கட்டிவிட்டு, இங்கே கட்டியதில் மீதியைக் கேட்டு அலையும் அந்தப் பையனுக்குச் சேலத்திலேயே அப்படி ஒரு கதவு இருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தடை வந்த பின் அகற்றுவதைவிட, வருமுன் தடுப்பதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சரக்குகள் பற்றிய தொழில்நுட்ப விதி எதையும் புதிதாகக் கொண்டுவர நினைக்கும் நாடு, அதன் வரைவை முன்கூட்டியே ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கு அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மற்ற நாடுகள் அதைப் படித்து ஆட்சேபிக்கலாம். அறிவிக்காமல் கொண்டுவந்த விதியைக் குடிமகன் மீது செலுத்த முடியாது என்று 1996இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு இந்த ஏற்பாட்டுக்குப் பல் முளைத்தது. அதற்கும் முன்பே, 1979இல், பிரான்சின் கசிஸ் என்ற பழ மதுவில் ஆல்கஹால் 25 விழுக்காடு இல்லை என்று கூறி ஜெர்மனி விற்கவிடாமல் தடுத்ததை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி விற்கப்படும் பொருளை இன்னொரு நாடு தடுக்க வேண்டுமானால், தக்க காரணம் காட்ட வேண்டும் என்பது அன்றிலிருந்து விதி.

இதையெல்லாம் சொல்வதால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று பொருளில்லை. மதிப்பெண் பட்டியல் நெடுங்காலமாகத் தாளையே அளந்தது. சட்டம் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்ததே தவிர, கடைக்காரருக்கு வழி திறந்ததா என்று பார்த்தது குறைவு. பொட்டலத்தைக் குப்பையில் பிரித்துப் போடுவதற்கான குறியீடு பிரான்சில் ஒன்று, இத்தாலியில் வேறொன்று என்பதால், ஒரே பிஸ்கட்டுக்கு நாட்டுக்கு நாடு வேறு உறை அடிக்கும் நிலை இன்றும் இருக்கிறது. இத்தாலியின் முன்னாள் பிரதமர் என்ரிகோ லெட்டா 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கை இத்தகைய பிளவுகளை விரிவாகவே பேசியது. ஒன்றிய நாடுகளுக்கு இடையே நிற்கும் தடைகள் சரக்குகளுக்குச் சுமார் 44 விழுக்காடும் சேவைகளுக்குச் சுமார் 110 விழுக்காடும் சுங்கவரி போட்டதற்குச் சமம் என்று அதே ஆண்டில் பன்னாட்டு நாணய நிதியம் கணக்கிட்டது. மொழி, ரசனை, பழக்கம் எல்லாவற்றையும் தடைக் கணக்கில் சேர்த்துவிடும் முறை என்பதால் அந்த எண்களை அப்படியே விழுங்க வேண்டாம் என்பேன். ஆயினும், மிகக் கொடிய பத்துத் தடைகள் இவை என்று ஐரோப்பிய ஆணையமே 2025 மே மாதம் தன் குறைகளைப் பட்டியலிட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் அரசுகளில் எது இப்படிச் செய்யும்?

ஐரோப்பா நமக்குத் தொலைவு என்றும் எண்ண வேண்டாம். ஏற்காட்டுக் காபி விவசாயியைக் கேளுங்கள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி ஒன்றியச் சந்தைக்குள் வரக் கூடாது என்று 2023இல் விதி செய்தார்கள். தோட்டத்தின் இருப்பிடக் குறியீட்டைச் சரக்கோடு சேர்த்துக் காட்ட வேண்டும். நடைமுறைத் தேதி இருமுறை தள்ளிவைக்கப்பட்டுவிட்டது. சில்வர் ஓக் நிழலில் காபியும் மிளகும் வைத்திருக்கும் சேர்வராயன் மலைக்காரர் ஒருவரின் ஒரு ஏக்கர், இத்தாலியத் துறைமுகத்தில் ஒரு விதமாகவும் ஜெர்மன் துறைமுகத்தில் வேறு விதமாகவும் சரிபார்க்கப்பட்டால், அந்தச் சந்தையின் கோணல் இங்கே விலையில் தெரியும். விதி ஒன்றுதான், சரிபார்ப்பவர்கள் 27 நாடுகளின் அதிகாரிகள்.

நம்மிடம் இதற்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியா முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 301ஆம் கூறு. அந்த நோக்கத்தை நிறைவேற்ற ஓர் அமைப்பை நாடாளுமன்றம் சட்டமியற்றி ஏற்படுத்தலாம் என்கிறது 307ஆம் கூறு. மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் 1988இல் இதை வலியுறுத்தியது. இன்றுவரை அந்த அமைப்பு அமைக்கப்படவில்லை.

மாநில உரிமையில் அக்கறை உள்ள நண்பர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். அந்த அக்கறை எனக்கும் உண்டு. டெல்லியில் அமர்ந்து மாநில விதிகளை ரத்து செய்யும் இன்னொரு அதிகார மையத்தை நான் கேட்கவில்லை. விதி செய்யும் உரிமை மாநிலத்திடமே இருக்கட்டும். காரணத்தை எழுதி வெளியிடும் கடமையும், முன்கூட்டியே அண்டை மாநிலங்களுக்கு அறிவிக்கும் கடமையும் அதோடு சேரட்டும். ஜி.எஸ்.டி. மன்றத்தைப் போல மாநிலங்களுக்கு வாக்குள்ள அமைப்பாக அது இருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ஒன்றிய அரசின் துறைகளுக்கும் ஒரு வரிசை வேண்டும். தீர்ப்பாயத்தை எட்டாண்டு தாமதப்படுத்தியவர்களுக்குச் சிவப்பு நிறம் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா. ஆம்னி பேருந்து விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது, கிடைக்கவும் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக முறையீட்டு மையத்தையே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனெனில் அளப்பதற்கு வேண்டிய தரவு அங்கிருந்துதான் வரும். அதற்கு மாவட்டத்துக்கு ஓர் அலுவலரும், மாநிலங்களுக்கு இடையே மனுவை அனுப்பிக்கொள்ள ஒரு கணினி வழியும், பத்து வாரம் என்ற ஒரு கெடுவும் போதும். 307ஆம் கூறின் கீழான சட்டத்துக்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையே போதுமானது.